வீழ்ந்தவன் பெயர் இல்லாத காசுகள்

குதிரையோடு சரிந்து கிடக்கிறான் ஒருவன். கேடயந் தாங்கிய படைவீரன் அவன்மீது ஈட்டியைப் பாய்ச்ச ஓங்கி நிற்கிறான். விழுந்தவனின் கையொன்று பின்புறமாக நீண்டு, குத்த வருபவனை நோக்கி விரிந்திருக்கிறது. இந்தக் காட்சியைச் சுற்றி வட்டமாக ஓடும் இலத்தீன் எழுத்துக்கள் கூறும் செய்தி யாதெனில், ‘மகிழ்ச்சியான காலம் மீண்டது’ என்பதே.

கி.பி. 348 அளவில் உரோமப் பேரரசு வெளியிடத் தொடங்கிய வெண்கலக் காசு இது. ‘ஃபெல் தெம்ப் ரெபராத்தியோ’ என்று சொற்களைக் குறுக்கி அதிற் பொறித்தனர். இதனையும் இதன் இனத்தைச் சேர்ந்த ஏனைய சிறு காசுகளையும் இலங்கை மண் பல்லாயிரக்கணக்கிற் காட்டித் தந்திருக்கிறது. தமிழகத்திலே கரூரிலும் மதுரையிலும் கிடைத்தவற்றை ஆராய்ந்து இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூலொன்றே வெளியிட்டார். பெரும்பாலானவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. கையாண்டு கையாண்டு முகம் மழுங்கியவை. சில, சுண்டுவிரல் நகத்தினும் சற்றே பெரியவை, அவ்வளவுதான். உரோமர் நாட்டுப் பொற்காசுகளோ இலங்கையில் மிகச் சிலவே அகப்பட்டுள்ளன.

இந்தக் காசுகளைப் பற்றி நமது மேடைகளிலே பேசப்படுவது என்ன? தமிழ்விழாவென்றால் யவனர் வராமல் விழா நடப்பதில்லை. ‘மரக்கலங்களில் வந்தனர், பொன்னைக் கொட்டினர், நம் முன்னோரின் முத்துக்கும் மிளகுக்கும் தவமிருந்தனர்’ என்று முழங்குவோர் முழங்க, மாணவர் கைதட்டுகின்றனர். அதே காசைக் கையிலேந்தித் தெற்கே இன்னொருவர் அனுராதபுர அரசின் வாணிபப் புகழைப் பாடுகிறார். இருவருக்குமிடையிலுள்ள வழக்கு, அந்நியப் பேரரசன் ஒருவனுடைய காசுக்கு யார் வாரிசு என்பதுதான். காசிலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க இருவருக்கும் நேரமில்லை. குருந்தூர்மலையில் 2021இல் அகழ்வு தொடங்கிய பின்னர், வன்னியில் நிலத்துக்கடியிலிருந்து வரும் எதனையும் ‘இது எவருடையது?’ என்ற ஒரே கேள்வியோடு எதிர்கொள்ளும் நிலை இறுகிவிட்டது. ‘இது என்ன சொல்கிறது, யாருக்காகச் சொல்கிறது?’ என்ற கேள்வி பின்தள்ளப்பட்டுவிட்டது. எனது கருத்தில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேளாத சரித்திர ஆசிரியன், அரசனுடைய முரசறைவோனிலும் பார்க்க அதிகம் மேம்பட்டவனல்லன்.

ஆகவே வாசிப்போம்.

330 அளவில் வெளிவந்த காசொன்றில் இரு படைவீரர் எதிரெதிரே நிற்கின்றனர். அவர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள். எழுத்து: ‘குளோரியா எக்செர்கித்துஸ்’, அதாவது ‘படையின் பெருமை’. சில ஆண்டுகள் செல்ல, அரசு காசின் எடையைக் குறைத்தது. குறைந்த வட்டத்தில் இரண்டு கொடிகளுக்கு இடம் போதவில்லை போலும். ஒரு கொடி மறைந்தது. வீரர் இருவரும் எஞ்சிய ஒரு கொடியைக் காத்து நிற்கின்றனர். பெருமை என்ற சொல்லில் மட்டும் ஓரெழுத்துங்கூடக் குறையவில்லை!

நாம் முதலிற் கண்ட ‘மகிழ்ச்சியான கால’த்தின் கதை இதனிலும் சுவையானது. அக்காசு பிறந்தபோது ஏறத்தாழ 5 கிராம் எடை கொண்டிருந்தது. மகிழ்ச்சியை அறிவித்த பேரரசர் இருவருள் ஒருவனான கொன்ஸ்தன்ஸ் 350இல் தன் படைத்தலைவன் ஒருவனின் கிளர்ச்சியிற் கொல்லப்பட்டான். 351இல் மூர்சா என்ற இடத்திலே உரோமப் படையும் உரோமப் படையும் மோதி ஒன்றையொன்று அழித்தன. அக்காலத்திலேதான் எஞ்சிய பேரரசன் கொன்ஸ்தாந்தியசு, ‘வீழ்ந்த குதிரைவீரன்’ காசைப் பேரரசெங்கும் பெருவாரியாக அடித்துத் தள்ளினான். பத்தாண்டுகள் செல்லுமுன் காசின் எடை பாதியாகிவிட்டது. 359இல் பாரசீகர் அமீதா நகரைக் கைப்பற்றினர். இவ்வளவு துயரத்துக்கும் நடுவில், அலெக்சாந்திரியாவிலும் அந்தியோக்கியாவிலும் இருந்த அக்கசாலைத் தொழிலாளர், சுத்தியலை ஓங்கி ஓங்கி அடித்து, மகிழ்ச்சி மீண்ட செய்தியை உலகுக்கு வழங்கிக்கொண்டிருந்தனர். ஓர் அரசு ‘காலம் நன்றாயிற்று’ என்று காசிலே எழுதவேண்டிய தேவை எப்பொழுது ஏற்படுகிறது என்பதை இதனிலும் தெளிவாகக் கூறும் சான்று அரிது.

388க்குப் பின் வந்த சின்னஞ்சிறு காசொன்றையும் பார்க்கவேண்டும். எடை ஒரு கிராம் அளவுதான். வெற்றித் தெய்வம் தோளிலே வெற்றிச்சின்னத்தைச் சுமந்து நடக்கிறாள். மற்றக் கையாற் கைதி ஒருவனை இழுத்துச் செல்கிறாள். ‘சாலுஸ் ரெய்புப்ளிக்காயே’, ‘குடியரசின் நலம்’ என்பது வாசகம். குடியரசு மாண்டு நான்கு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் சொல் மட்டும் பிழைத்திருக்கிறது. அவள் பக்கத்திலே, அன்பைப் போதித்த இயேசுவின் திருப்பெயர்க் குறியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பகைவரை நேசிக்கச் சொன்னவரின் பெயரும் இழுபடும் கைதியும் ஒரே வட்டத்துக்குள்! தியோடோசியசு, ஆர்க்காடியசு, ஒனோரியசு முதலியோர் பெயரால் இது வந்தது. அந்த ஒனோரியசின் ஆட்சியிலேயே, 410இல், அலாரிக்கின் படைகள் உரோமாபுரிக்குட் புகுந்து கொள்ளையிட்டன.

இந்த வழக்கம் நான்காம் நூற்றாண்டிலே தோன்றியதுமன்று. 70இல் எருசலேம் அழிக்கப்பட்டதும், வெசுப்பேசியன் 71இல் பெரிய வெண்கலக் காசு வெளியிட்டான். பேரீச்ச மரத்தின்கீழ் ஒரு பெண் குந்தியிருந்து துயருறுகிறாள். ‘யூதாயா காப்தா’, ‘யூதேயா பிடிபட்டது’ என்பது எழுத்து. ஒரு நாட்டின் ஒப்பாரியைப் பிறிதொரு நாட்டின் சந்தைச் சில்லறையாக்கிய கலைத்திறன் அது. பனையடியிற் குந்தியிருந்து அழுத பெண்களைக் கண்ட நமக்கு, அந்தப் படத்தை வாசிக்க இலத்தீன் வேண்டியதில்லை.

இனி, அரசர்கள் இக்காசுகளை எவ்வாறு கண்டனர் என்பதற்கும் சான்றுண்டு. பிளினி என்ற உரோமர் கூறும் கதை பலரும் அறிந்தது. அன்னியுசு புளோக்காமுசு என்பவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரபிக் கரையோரம் சென்றபோது காற்றால் அடிபட்டு இலங்கைத் துறையொன்றிற் கரையேறினான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை இங்கிருந்த அரசன் பார்த்தான். வெவ்வேறு பேரரசர்களின் முகங்கள் இருந்தும் எடை யாவும் ஒன்றாயிருப்பதைக் கண்டு, உரோமரின் நேர்மையை வியந்தானாம். பின்னர் குளோதியசிடம் தூதரை அனுப்பினான் என்பது கதை.

நமது மேடைப் பேச்சாளர் இதிலே தூதரைக் கண்டு பூரிக்கிறார். நான் கண்டு மகிழ்வது தராசை. அவ்வரசன் முகத்தைப் பார்த்து மயங்கவில்லை, நிறுத்துப் பார்த்தான். முந்நூறு ஆண்டுகள் கழித்து அதே சோதனையை ‘மகிழ்ச்சியான காலம்’ காசுகளுக்குச் செய்திருப்பானாயின் என்ன கூறியிருப்பான்? ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாசு எழுதிய மற்றக் கதையிலே, உரோம வணிகன் ஒருவனும் பாரசீகன் ஒருவனும் இலங்கை அரசன் முன்னிலையில் யாருடைய மன்னன் பெரியவன் என்று வாதிட, பொற்காசு வெள்ளிக்காசை வென்றுவிடுகிறது. அங்கே அரசன் பளபளப்புக்குத் தோற்றான். இரண்டையும் எழுதியோர் உரோம உலகத்தவர் என்பதையும், கீழைத்தேயத்து அரசன் தம்மை வியக்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை என்பதையும் மறந்து, இவற்றை நமது பெருமைப் பட்டியலிற் சேர்த்துக்கொள்வது வேடிக்கையே.

பெருமைப் பட்டியலில் இடம்பெறாத ஒரு செய்தியுமுண்டு. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த செங்கடல் வழிப்பயணக் குறிப்பு, பாண்டி நாட்டுக் கொற்கையில் முத்துக் குளித்தவர் யார் என்று கூறுகிறது. தண்டனை பெற்ற கைதிகள்! உரோமச் சீமாட்டியின் கழுத்தை அடைந்த முத்து, ஒரு கைதி மூச்சடக்கி எடுத்த முத்து. அதற்கு ஈடாக வந்த பொன் அவன் கைக்குச் சென்றதென்று எவரும் எழுதவில்லை. உரோமனின் காசிலே இழுபடும் கைதியும் கொற்கைக் கடலில் மூழ்கிய கைதியும் வாணிபம் என்ற ஒரே கயிற்றின் இரு நுனிகள். ‘திரைகடலோடித் திரவியந் தேடினோம்’ என்று பேசுவோர், கடலுக்கடியில் எவரை அனுப்பினோம் என்பதையுஞ் சேர்த்தே பேசட்டும்.

வன்னியின் மேற்கு வாசலாகிய மாந்தைக்கு வருவோம். அங்கே உரோமக் காசு அகப்பட்ட செய்தியை முதலில் எழுதிவைத்தவர்களுள் ஒருவர் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ. 1574, 1575 அளவிலே அவ்விடத்துப் பழங்கட்டடக் கற்களைப் போர்த்துக்கேயர் பெயர்த்தெடுத்தபோது தேய்ந்த காசுகள் வெளிப்பட்டன. எஞ்சிய சில எழுத்துக்களைக் கொண்டு குளோதியசின் காசு என்று அவர் ஊகித்தார். ஒரு பேரரசின் ஆட்கள் ஓர் ஊரின் கற்களை உடைத்தெடுக்கையில், முன்னைய பேரரசொன்றின் முகம் மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பின்னர் மாந்தையில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வாராய்ச்சி யுத்தத்தால் நின்றது. அதன் பேறுகள் முழு நூலாக வெளிவர 2013 ஆயிற்று. மாந்தை மண் தன் கதையைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் எவனோ ஒரு படைவீரன் குறுக்கே வந்துவிடுகிறான்.

பேரரசனின் வெற்றி முழக்கம் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தபின் என்னவாயிற்று என்பதே எனக்கு எல்லாவற்றிலும் பெரிய விடயமாகப் படுகிறது. வந்த காசு போதாதபோது இலங்கையிலேயே அதன் பிரதிகளை வார்த்தனர், அடித்தனர். மாத்தறைப் பகுதியில் நைமனவிற் கிடைத்த காசுகள் இவ்வகைக்குப் பேர்பெற்றவை. அவற்றிலே ஒரு தலை இருக்கும். பேரரசனின் தலையென்று சொன்னால்தான் தெரியும். மறுபுறத்தில் குச்சிபோல ஒரு மனிதன், அல்லது வட்டத்துள் ஒரு சிலுவை. எழுத்திருக்கவேண்டிய இடத்திலே சில கோடுகள், சில புள்ளிகள். ‘படையின் பெருமை’யும் ‘குடியரசின் நலமும்’ அங்கே வெறுங் கீறல்கள்!

கல்விமான்கள் இதனைச் சீரழிந்த பிரதி என்பர். சீரழிந்தது எது? நமது கன்னானுக்கு இலத்தீன் தெரியாது, உண்மை. தெரிந்திருந்தாலும் அவனுக்கு அதனால் என்ன? உப்புக்கும் அரிசிக்கும் மாற்றுவதற்கு ஒரு சிறு செப்புத்துண்டு அவனுக்கு வேண்டியிருந்தது. அடையாளத்துக்கு ஒரு தலை போதும். எங்கோ ஒரு நாட்டிலே குத்தப்பட்டவனையும் குத்தியவனையும் பற்றிய புகழுரை அவனுக்கு வேண்டியிருக்கவில்லை; அதனைக் கோடுகளாக்கிவிட்டு வேலையைப் பார்த்தான். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அவன் அழித்த புகழுரையைத் துடைத்து மெருகிட்டு மாணவர் முன் மீண்டும் வைக்கிறோம், பட்டம் பெற்ற நாம்.

சென்ற ஆண்டு வகுப்பறையிலே ‘மகிழ்ச்சியான காலம்’ காசின் பெரிதாக்கிய படமொன்றைக் காட்டினேன். வாசகத்தின் பொருளை முன்னதாகச் சொல்லவில்லை. வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “சேர், கீழ விழுந்தவர் கையைத் தூக்கிறாரே, சரணடையிறாரா?” என்று கேட்டாள். நாணயவியல் நூல்கள் இவ்வகைக் காசுகளை, விழுந்தவன் கையை நீட்டுகிறானா, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறானா, நிலத்தில் அமர்ந்திருக்கிறானா என்று பாகுபடுத்தி வைத்திருக்கின்றன. கையை எதற்காக நீட்டினான் என்ற கேள்விக்கு அங்கே பாகுபாடு இல்லை. வன்னிப் பிள்ளைக்கு அதுவே முதற் கேள்வி.

“சரித்திரத்துக்குள் அரசியலைப் புகுத்துகிறீர்” என்று சக ஆசிரியர் ஒருவர் பின்னர் குறைப்பட்டார். நல்ல மனிதர். அவருக்குரிய விடையை நான் சட்டைப் பையிலிருந்து எடுக்கமுடியாமற் போயிற்று; ஏனெனில் அந்தத் தாள் இப்போது என்னிடம் இல்லை. ஆனால் வன்னியார் பலர் அதனை மறந்திரார்.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் 17ஆந் திகதி இலங்கை மத்திய வங்கி புதிய ஆயிரம் ரூபாய்த் தாளொன்றை வெளியிட்டது. சமாதானமும் சுபீட்சமும் உதயமானதைக் குறிக்கும் ஞாபகார்த்தத் தாள் அது. ஒருபுறத்திலே கைகளை உயர்த்தி நிற்கும் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ. மறுபுறத்திலே தேசியக்கொடியை நாட்டும் படைவீரர். உயிரோடிருக்கும் ஆட்சியாளனின் உருவம், படையின் பெருமை, மகிழ்ச்சியான காலம்! 348க்கும் 2009க்கும் இடையிலே ஆயிரத்து அறுநூற்று அறுபத்தொரு ஆண்டுகள். ஆனால் அச்சு ஒன்றுதான். ஒரேயொரு வேறுபாடு சொல்லலாம். உரோமன் வீழ்ந்தவனையுஞ் சேர்த்துப் பொறித்தான். நமது காலத்துச் சித்திரக்காரர் அவனை முற்றாக நீக்கிவிட்டனர்.

அந்தத் தாள் வெளிவந்த நாளில் வீழ்ந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? அவ்வாண்டின் நடுப்பகுதியில் வவுனியா முகாம்களில் அடைக்கப்பட்டோர் தொகை இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டது. செட்டிகுளத்து மெனிக் பாம் அவற்றுட் பெரியது. முகாமிலிருந்தோர் வெளியே சென்றுவர அனுமதி கிடைத்தது டிசம்பர் 1ஆந் திகதி, அதாவது சுபீட்சம் அச்சேறி வந்து இரண்டு கிழமைகள் சென்றபின். மெனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். முட்கம்பி வேலிக்குட் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் அந்தத் தாளை நீட்டியவர்கள் அதன் இருபுறத்தையும் பார்த்தே நீட்டியிருப்பார்கள். சரித்திரத்துக்குள் அரசியலைப் புகுத்தியது நானா? சட்டைப் பைக்குள் அதனைப் புகுத்தியவர் யார்?

அடுத்தவன் தாளை மட்டும் வாசிப்பது நேர்மையாகாது. சோழன் இராசராசன் ஈழத்தை வென்றதைத் தன் மெய்க்கீர்த்தியிலே புகழாகப் பாடவைத்தான். அதனை நம்மவர் இன்றும் நெஞ்சு விம்மிப் படிக்கிறோம். அந்தப் படையெடுப்பில் எரிந்த ஊர்களின் பெயர் நமக்கும் வேண்டியதில்லை. யுத்த காலத்து வன்னியிலே சுவர்தோறும் ஒட்டப்பட்ட வீரப் படங்களை நினைத்துப் பாருங்கள். கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையின் தாய் வாசலில் விழுந்து கதறிய காட்சி எந்தச் சுவரொட்டியிலாவது இருந்ததா? வெற்றியை அச்சிடும் கை எந்த மொழியில் அச்சிட்டாலும், வீழ்ந்தவனின் பெயருக்கு இடம் விடுவதில்லை. இதனைச் சொல்லத் தயங்கும் முற்போக்கு, பாதி முற்போக்கே.

2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகக் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்திற் குந்தினர். பெரும்பாலோர் தாய்மார். அவர்கள் கைகளிலிருந்தவையும் முகம் பொறித்த சிறு தாள்களே. ஆனால் அவற்றில் எந்தப் பேரரசனும் இல்லை. வாசகம் இருக்கவேண்டிய இடத்திலே ஒரு பெயரும் ஒரு திகதியும் இருந்தன.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையிலே உரோம வாணிபம் என்ற பாடம் வரும்போது, யவனர் கொண்டுவந்த பொன்னின் கணக்கை ஒரு நாள் ஒதுக்கிவையுங்கள். வீழ்ந்த குதிரைவீரன் காசின் படத்தையும், நைமனக் காசின் படத்தையும், 2009ஆம் ஆண்டின் தாளையும் கரும்பலகையில் அருகருகே ஒட்டுங்கள். பேசவேண்டாம். எடை என்ன, அடித்தவன் யார், அடிக்கச் சொன்னவன் யார், கொடுத்து வாங்கியவன் யார், கீழே கிடப்பவன் யார் என்று பிள்ளைகளே கேட்கட்டும். பரீட்சைக்கு இது வராதே என்று ஒருவன் கேட்கக்கூடும். வராதுதான் என்று சொல்லிவிட்டு, மணியடிக்கும் வரை படங்களைக் கழற்றாதிருங்கள்.